பைத்தான் ஜாயின் போதாதா? தனி லைப்ரரி எதற்கு?

நிரல்நேசன்:
பைத்தானில் பல லட்சம் வரிகளைச் சேர்த்து ஒரே ஸ்ட்ரிங்காக்கும் (ஒரே உரையாக்கும்) வேலை. துண்டுகளை ஒட்டித் தரும் ஜாயின் போட்டால் மெமரி எகிறுகிறது. லிஸ்ட்டுக்குப் பதில், துண்டுகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் கொடுத்தும் குறையவில்லை. துண்டு வர வர பஃபரில் (சேர்த்துவைக்கும் மெமரி இடத்தில்) கொட்டிவிட்டு, அந்தத் துண்டை விட்டுவிடுகிற மாதிரி சி மொழியில் ஒரு சின்ன லைப்ரரி எழுதலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பைட்கணக்கு:
வேண்டாம் என்பேன். ஜாயினும் சி-யில் எழுதியதுதான். முதல் சுற்றில் எல்லா நீளத்தையும் கூட்டி ஒரே தடவை இடம் பிடிக்கும், அடுத்த சுற்றில் நகலெடுக்கும். இரண்டு முறை சுற்ற வேண்டியிருப்பதால் ஜெனரேட்டரை உள்ளேயே லிஸ்ட்டாக்கிக்கொள்ளும். உங்களுக்கு மெமரி குறையாததற்குக் காரணம் இதுதான்.

நிரல்நேசன்:
என் குறையும் அதேதான். எல்லாத் துண்டும் கடைசிவரை உயிரோடு கிடக்கின்றன. 64 பிட் சிபைத்தானில் (எல்லோரும் வழக்கமாக ஓட்டும் பைத்தான்) காலி ஸ்ட்ரிங்குக்கே 40 பைட்டுக்கு மேல். "சேலம்" என்ற பெயருக்கு எழுத்து 10 பைட் (கணினிக்கு அது 5 குறி, ஒவ்வொன்றும் 2 பைட்), அதைச் சுமக்கும் ஆப்ஜெக்ட் அதைப் போலப் பல மடங்கு. லிஸ்ட்டில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டருக்கு இன்னொரு 8.

புதுவரவு:
நான் எப்போதும் += போட்டுத்தான் ஒவ்வொன்றாக ஒட்டுகிறேன். வேகமாகத்தானே ஓடுகிறது?

பைட்கணக்கு:
அது சிபைத்தானில் 2.4 பதிப்பு முதல் இருக்கும் ஒரு குறுக்குவழி, பழைய ஸ்ட்ரிங்கை நகலெடுக்காமல் அப்படியே நீட்டப் பார்க்கும். அதே ஸ்ட்ரிங்கை வேறொரு மாறியும் பிடித்திருந்தால் பலிக்காது. அதை நம்ப வேண்டாம் என்று பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்கிறது.

நிரல்நேசன், பெரிய சிக்கல் அகலம், அதாவது ஒரு எழுத்துக்கு எத்தனை பைட் என்பது. 2012-இல் வந்த 3.3 பதிப்பு முதல், வெறும் ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு 1 பைட். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழு ஸ்ட்ரிங்கும் 2 பைட்டுக்கு மாறும், இமோஜி வந்தால் 4. ஜாயின் இதை முதல் சுற்றிலேயே பார்த்துவிடும். உங்கள் பஃபர் முக்கால்வாசி நிரம்பியபின் ஒரு இமோஜி வந்தால்? எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

நிரல்நேசன்:
ஸ்ட்ரிங்காக இல்லாமல் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்துக்கு 1, தமிழுக்கு 3. எதுவும் பின்னால் மாறாது.

பைட்கணக்கு:
சரி, அதற்குப் பைத்தானோடு பைட்அரே (நீட்டிக்கொண்டே போகக்கூடிய பைட் வரிசை) கூடவே வருகிறதே. கடைசியில் அதை ஸ்ட்ரிங்காக மாற்றும்போது இரண்டு பிரதிகளும் ஒன்றாக மெமரியில் நிற்கும், உங்கள் லைப்ரரியிலும் அப்படித்தான். ஃபைலுக்குப் போகிறது என்றால் சேர்க்கவே வேண்டாம். ஃபைலில் எழுதும் ரைட்லைன்ஸுக்கு ஜெனரேட்டரைக் கொடுங்கள், துண்டு துண்டாக எழுதிவிடும். வரி முடிவை மட்டும் நீங்களே போட வேண்டும்.

நிரல்நேசன்:
ஃபைலுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சேர வேண்டிய இடம் ஃபைல் இல்லை. நாங்கள் பயன்படுத்தும் டிரைவர் (உரையை வாங்கிக்கொள்ளும் இணைப்பு நிரல்) முழு உரையையும் ஒரே தடவையில் கேட்கிறது, பைட்ஸாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அப்போது இரண்டாவது பிரதியும் இல்லை. சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய வருகிற இடத்தில் பைட்அரேயில் சேர்க்கும் பைத்தான் லூப்பும் மெதுவாக இழுக்கிறது. அதனால் எழுதத்தான் போகிறேன்.

பைட்கணக்கு:
எழுதுங்கள். ஆனால் தமிழும் இமோஜியும் கலந்த டேட்டாவில் ஜாயின், பைட்அரே, உங்களுடையது மூன்றின் உச்ச மெமரியையும் இங்கே போடுங்கள். சி-யில் நேரடியாக மாலாக் (சி மொழியில் மெமரி வாங்கும் வழி) வைத்தால், மெமரியை அளக்கும் பைத்தான் கருவியான டிரேஸ்மாலாக் அதைப் பார்க்காது, உங்கள் எண் பொய்யாகக் குறைந்து தெரியும். பைத்தானே தரும் மெமரி வாங்கும் வழியான பைமெம் வழியாகவே இடம் வாங்குங்கள்.