மைனஸ் 6, ஒரு கண்ணில் சிலிண்டர், வயது 42: எந்த லென்ஸ் சரிப்படும்?

கோவை_பேரேடு

வணக்கம். வலது கண் மைனஸ் 6, இடது கண் மைனஸ் 4.50, இடதில் மட்டும் சிலிண்டர் (கருவிழி வளைவு ஒரே சீராக இல்லாததற்கான பவர்) மைனஸ் 1.25, அதன் கோணமான ஆக்சிஸ் 180. ஆடிட்டர் ஆபீஸில் வேலை, நாள் முழுக்க எக்செல்தான். சாயங்காலம் ஷட்டில் ஆடுவேன், வியர்வையில் கண்ணாடி மூக்கில் நிற்பதே இல்லை, அதனால்தான் காண்டாக்ட் லென்ஸ் யோசனை வந்தது. வீட்டுப் பக்கத்து ஆப்டிகல்ஸில் கண்ணாடிச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிலிண்டர் கம்மிதான் மேடம், சாதா லென்ஸே போதும், வருஷ லென்ஸ் வாங்கிக்குங்க, லாபம்" என்றார்கள். கண்ணைப் பார்க்கவே இல்லை. இன்னொரு கடையில் இடது கண்ணுக்கு டோரிக், அதாவது சிலிண்டரையும் சரிசெய்கிற லென்ஸ், இல்லாமல் முடியாது என்கிறார்கள். அங்கே ட்ரையல் போட்டுப் பார்த்தபோது எதிர்க்கடை போர்டு பளிச்சென்று தெரிந்தது, ஆனால் கையிலிருந்த போனில் வந்த ஓடிபியைப் படிக்க முடியவில்லை! கண்ணாடியில் எனக்கு இந்தத் தொல்லை கிடையாது. உடனே "அப்போ மல்டிஃபோக்கல் போட்டுடலாம்" என்று, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரிகிற வகைக்கு ஒரு விலை சொன்னார்கள், தலை சுற்றிவிட்டது. யார் சொல்வது சரி?

மதுரை_ஆப்டம்

ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் கொடுக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. சின்ன பவருக்கு இது பெரிய விஷயமில்லை, 4-க்கு மேல் போனால் கணக்கு மாறும். உங்கள் மைனஸ் 6 லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 5.50 ஆகிவிடும், இடது 4.50 என்பது 4.25 ஆகும். அப்புறம் கருவிழியின் வளைவை அளக்க வேண்டும், ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) லென்ஸ் கண் சிமிட்டும்போது கொஞ்சமாவது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கிற லென்ஸ் போட்டவுடன் சுகமாகத்தான் இருக்கும், சாயங்காலம் கண் சிவக்கும்போதுதான் தெரியும்.

சிலிண்டர் விஷயத்தில் இரண்டாவது கடைதான் சரி. 0.50 என்றால் விட்டுவிடலாம், 1.25-ஐ விட்டால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் எக்செல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், தலைவலியும் வரும். டோரிக் லென்ஸ் கண்ணுக்குள் சுற்றாமல் இருக்க அடிப்பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும் (சில கம்பெனிகள் வேறு வடிவமும் செய்கின்றன). கடிகாரத்தில் 6 இருக்கிற இடத்தில் அதன் மேல் ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள், அது எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் ஆக்சிஸை உறுதி செய்வோம். லென்ஸ் 10 டிகிரி திரும்பி நின்றாலே சிலிண்டரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் போட்டதும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது, கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஓடிபி. அது லென்ஸின் குறை இல்லை, வயது 42. மைனஸ் பவர்காரர்களுக்குக் கண்ணாடி ஒரு சலுகை கொடுக்கும்: கிட்டத்தில் பார்க்கும்போது கண் குறைவாக உழைத்தால் போதும், அதோடு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டோ கழற்றியோ படித்துக்கொள்ளலாம். லென்ஸ் போட்டதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. வெள்ளெழுத்து ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும், கண்ணாடி அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: லென்ஸ் எந்த நேரத்துக்கு வேண்டும்? ஷட்டிலுக்கு மட்டும் என்றால் தூரப் பார்வைக்குச் சரியான டெய்லி லென்ஸ், இடதுக்கு டெய்லி டோரிக், ஆட்டம் முடிந்ததும் குப்பையில் போட்டுவிடலாம், ஆபீஸுக்குப் பழைய கண்ணாடியே போதும். நாள் முழுக்க என்றால்தான் மல்டிஃபோக்கல் பேச்சே வர வேண்டும்.

திருச்சி_ஐம்பது

சகோதரி, நாள் முழுக்கப் போடுவதென்றால் மோனோவிஷனையும் கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைத்துவிடுவார்கள், தனியாக விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் தேவையில்லை. எது தூரக் கண் என்று கண்டுபிடிக்க எனக்குச் செய்தது இது: இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார்கள், அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார்கள். எந்தக் கண்ணில் கடிகாரம் மறையாமல் நிற்கிறதோ அதுதான். நான் வாத்தியார், பேப்பர் திருத்துவதும் போர்டில் எழுதுவதும் மாறி மாறி வரும், எனக்கு அமைந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போதும் ராத்திரி வண்டி ஓட்டும்போதும் மட்டும் ஆரம்பத்தில் ஒரு மாதிரி இருந்தது. ஷட்டிலுக்கு இது ஒத்துவராது என்பது என் எண்ணம், மேலே வருகிற காக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

மல்டிஃபோக்கலும் கொஞ்ச நாள் போட்டேன். பகலில் அருமை. இருட்டில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன். என் நண்பர் அதையே சந்தோஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். ட்ரையல் ஜோடி தரச் சொல்லி, ராத்திரியும் போட்டுப் பாருங்கள்.

ஸ்மாஷ்_தம்பி

அக்கா, நானும் ஷட்டில்தான், டெய்லிதான் போடுகிறேன். வருஷ லென்ஸ் லாபம் என்று சொன்னவர் சொல்யூஷன் செலவைச் சொன்னாரா? அதைத் தினமும் கழுவிப் பாதுகாக்க வேண்டும், நாளாக நாளாகக் கண்ணீரில் இருக்கிற புரதம் படிந்து மங்கும். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது, பைப் தண்ணீரும் சரி, கேன் தண்ணீரும் சரி. அகாந்தமீபா என்று ஓர் உயிரி இருக்கிறது, தண்ணீர் வழியாக லென்ஸில் ஏறிக் கருவிழியைப் புண்ணாக்கும், குணமாக மாதக்கணக்கில் ஆகும். ஆட்டம் முடிந்து முகம் கழுவுவதற்கு முன்னாலேயே லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது, மதியம் அரை மணி நேரம்கூட.

ஈரோட்டுக்காரன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு வயது 19, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சிலிண்டர் ஏறிக்கொண்டே போகிறது, எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். கண்ணாடி போட்டும் தெளிவில்லை. அவனுக்கும் டோரிக் வாங்கிவிடலாமா?

மதுரை_ஆப்டம்

வேண்டாம், முதலில் கண் மருத்துவமனையில் கார்னியல் டோபோகிராஃபி (கருவிழி வளைவின் வரைபடம்) எடுங்கள். நீங்கள் சொல்வது கெரட்டோகோனஸாக இருக்கலாம், கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்னால் தள்ளுவது. இருந்தால் அது ஏறாமல் நிறுத்த கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. லென்ஸ் பேச்சு அதற்கப்புறம். கசக்குவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், அரிப்புக்குச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தாவது. அதையும் டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்குங்கள், கடையில் சும்மா கேட்டால் ஸ்டீராய்டு கையில் வந்துவிடும்.

கூம்புக்கண்

எனக்கு அதேதான். சாஃப்ட் லென்ஸ் கருவிழியின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அப்படியே படிந்துவிடுவதால் பயனில்லை. ஆர்ஜிபி என்கிற கெட்டியான லென்ஸ் போட்டிருந்தேன், தூசி புகுந்தால் உயிர் போகும். இப்போது ஸ்க்ளீரல். பெரியது, வெள்ளை விழியில் உட்காரும், கருவிழியைத் தொடாது. கிண்ணம் மாதிரி லென்ஸில் சலைன் நிரப்பி, மேஜையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, முகத்தைத் தரைக்கு நேராகக் குனிந்து போட வேண்டும், நிமிர்ந்தால் கொட்டிவிடும், உள்ளே குமிழி நின்றால் திரும்ப முதலிலிருந்து. கழற்ற ஒரு சின்ன ரப்பர் உறிஞ்சி. பழகிவிட்டால் பெரிய வேலையில்லை, பஸ் நம்பர் தெரிகிறது.

கோவை_பேரேடு

எல்லோருக்கும் நன்றி. ஷட்டிலுக்கு மட்டும் டெய்லி என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே சந்தேகம்: கோர்ட்டில் ஸ்கோர் எழுதும்போதும் போன் பார்க்கும்போதும் என்ன செய்வது?

மதுரை_ஆப்டம்

லென்ஸின் மேலேயே ப்ளஸ் 1 படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ட்ரையல் அன்றைக்கே அந்த பவரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். டெய்லி டோரிக் எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, ஆர்டர் போட்டு வரவழைப்பார்கள், அதனால் டோர்னமெண்ட் ஏதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.