நார்மண்டி, ஜூன் 1944: கே-4 வேண்டுமா, வேண்டாமா?

தாழப்பறப்பவன்:
டி.சி.எஸ் என்ற போர்விமான சிமுலேட்டர் விளையாட்டில் நம் குழுவின் புதிய மிஷன் தொடர், நேசநாட்டுப் படைகள் பிரான்சில் தரையிறங்கிய 1944 ஜூன் 6இல் நார்மண்டியில் தொடங்குகிறது. விமானப் பட்டியலில் ஜெர்மன் பக்கம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4, ஃபோக்கவுல்ஃப் 190 டி-9, ஏ-8 மூன்றும் இருக்கின்றன. ஏ-8 சரி. மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். கே-4, டி-9 இரண்டும் படைப்பிரிவுகளுக்கு வந்ததே 1944 இலையுதிர்காலத்தில்தான். ஆகஸ்ட் கடைசியிலேயே நார்மண்டிச் சண்டை முடிந்துவிட்டது.

தேதி தப்பு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த ஜூனில் அங்கே பறந்த 109 பெரும்பாலும் ஜி-6. அதன் எஞ்சின் சக்தி 1,475 குதிரைத்திறன். எதிரே வந்த பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் 9க்குச் சுமார் 1,700. கே-4 மெத்தனாலும் தண்ணீரும் கலந்த எம்.டபிள்யூ 50ஐ எஞ்சினுக்குள் பீய்ச்சினால் சுமார் 1,850. வாலில் ஸ்பிட்ஃபயர் ஒட்டிக்கொண்டால் ஜி-6காரர் கீழே பாய்ந்துதான் தப்ப வேண்டும், உயரம் இல்லையென்றால் அதற்கும் வழியில்லை. கே-4காரர் மூக்கைத் தூக்கி மேலேறிப் போய்விடுவார். எப்போது மோதுவது, எப்போது விலகுவது என்று தீர்மானிக்கிற ஆளே மாறிவிடுகிறார். அப்படியானால் நாம் ஆடுவது நார்மண்டி அல்ல, 1945 குளிர்காலம்.

வால்காற்று:
டி.சி.எஸ்ஸில் நாம் ஓட்டக்கூடிய 109 கே-4 ஒன்றுதான். ஜி-6 இல்லை. நம் குழுவில் பலர் காசு கொடுத்து வாங்கியிருக்கும் ஒரே ஜெர்மன் மாட்யூல் (தனியாக விற்கப்படும் விமானம்) அதுதான். ஓடுபாதையில் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகாமல் அதைக் கிளப்பப் பழகவே எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை உட்கார வைத்துவிட்டால் ஜெர்மன் பக்கம் காலியாகிவிடும். ஸ்பிட்ஃபயர்காரர்கள் கணினியே ஓட்டும் ஏஐ விமானங்களைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

வரலாறுதான் அளவுகோல் என்றால் எண்ணிக்கையையும் பாருங்கள். ஜூன் 6 அன்று நேசநாட்டு விமானங்கள் 14,000க்கு மேற்பட்ட முறை பறந்தன. ஜெர்மானியர்கள் சில நூறு முறை. பகல் வெளிச்சத்தில் கரைமேல் பாய்ந்து சுட்டவர்கள் என்று எல்லோருக்கும் நினைவிருப்பது பிரில்லர், வோடார்சிக் என்ற இரண்டு ஃபோக்கவுல்ஃப்காரர்கள். அதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? அமெரிக்கர்களின் பி-51டி மஸ்டாங்கையும் மறந்துவிட்டீர்கள். அந்த ஜூனில் அதிகம் இருந்தவை பி, சி வகைகள்தான்.

தாழப்பறப்பவன்:
மஸ்டாங்கை மறக்கவில்லை. டி வகை படையெடுப்புக்கு முன்பே வரத் தொடங்கிவிட்டது. பி, சியோடு ஒப்பிட்டால் விமானி அறைக்குக் குமிழ் மூடியும் கூடுதலாக இரண்டு துப்பாக்கிகளும் வரும். எஞ்சின் அதே மெர்லின் குடும்பம். எதிரில் நிற்பவன் செய்ய வேண்டிய கணக்கு ஏறக்குறைய அதேதான். மாற்று ஆளாக ஒரு விமானத்தை நிறுத்தினால், அசல் பறந்த மாதிரி அது பறக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். கே-4 அப்படிப் பறக்காது.

எண்ணிக்கை விஷயம் வேறு. அந்த 14,000 ஒரு முழு நாளின் கணக்கு, அகன்ற கடற்கரை முழுவதற்கும் சேர்த்தது. ஒரு சாலைச் சந்திப்புக்கு மேல் நாலு பேரும் நாலு பேரும் மோதுவது அன்றும் நடந்திருக்கக்கூடியதுதான். குண்டுவீச்சு அணிகளையும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் ஏஐ பார்த்துக்கொள்ளும்.

ஒற்றைச்சக்கரம்:
அண்ணா, ஜி-6 அவ்வளவு முக்கியம் என்றால் ஐ.எல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டர் பக்கம் போய்விடலாமே? அங்கே ஜி-6, ஏ-8 இரண்டும் இருக்கின்றன, நார்மண்டியும் இருக்கிறது.

வால்காற்று:
போகலாம். ஆனால் எரிபொருள் குழாயைத் திறந்து, மேக்னெட்டோ என்ற தீப்பொறிச் சாதனத்தின் சுவிட்சைத் திருப்பி, ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டு எஞ்சினைக் கிளப்புவதற்காகத்தான் நம்மில் பாதிப் பேர் டி.சி.எஸ்ஸுக்கு வந்தோம். அதுவும் வரலாற்றுத் துல்லியம்தானே.

மேகமூட்டம்:
மிஷன் எடிட்டரில் உட்கார்ந்து பட்டியல் போட்டவன் நான், அதனால் ஒன்று சொல்கிறேன். கே-4இன் அமைப்புகளில் எம்.டபிள்யூ 50 தொட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று தேர்வு செய்ய முடியும். கலவை வைக்கலாம், பெட்ரோல் நிரப்பலாம், காலியாகவும் விடலாம். கலவை இல்லையென்றால் பூஸ்ட் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) ஊசியை 1.45ஐத் தாண்டவிடாமல் ஓட்ட வேண்டும். 1.8 வரை போகிற அந்த வேகம் கிடையாது. சக்தி ஜி-6 பக்கத்தில் வந்துவிடும். பெட்ரோல் நிரப்பினால் பறக்கும் நேரமும் கூடும், பின்தளத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது நல்லதுதான்.

30 மில்லிமீட்டர் பீரங்கிக்காகக் கே-4ஐ ஒதுக்க வேண்டியதில்லை. ஜி-6/யு4 அதே எம்.கே 108ஐச் சுமந்தது. 65 குண்டுகள், குழாயிலிருந்து நொடிக்கு 540 மீட்டர் வேகம்தான். கிட்டப் போய்ச் சுட்டால்தான் படும்.

தாழப்பறப்பவன்:
இது நல்ல வழி. ஆனாலும் கே-4இன் உடல் ஜி-6ஐவிடச் சுத்தம். வால் சக்கரம் உள்ளே மடங்கும், முன் சக்கரங்களை மூடக் கதவுகளும் உண்டு. அதே சக்தியில் கொஞ்சம் வேகமாகத்தான் போகும். இருந்தாலும் ஜூன் மாதத்துக்கு இதை ஒத்துக்கொள்கிறேன், தொட்டியில் பெட்ரோல் என்ற கட்டாயத்தோடு.

வால்காற்று:
ஜூலைக்கு? 109இன் அடுத்த வகை ஜி-14 ஜூலையில் வந்துவிட்டது, எம்.டபிள்யூ 50 அதில் வழக்கமாகவே இருந்தது. உங்கள் அளவுகோல்படியே ஜூலை நடுவிலிருந்து கலவையைத் திறந்துவிட வேண்டும்.

தாழப்பறப்பவன்:
திறக்கலாம், ஒரு மிஷனில் எத்தனை பேருக்கு என்று வரம்பு வையுங்கள். புது விமானம் எல்லா அணிக்கும் ஒரே நாளில் வந்து சேரவில்லை. டி-9 மட்டும் எந்த மாதத்துக்கும் வேண்டாம். ஏ-8இன் ரேடியல் எஞ்சின் உயரத்தில் மூச்சு வாங்கும், அந்தப் பலவீனத்தைச் சரிசெய்யத்தான் டி-9ஐயே உருவாக்கினார்கள். அதை உள்ளே விட்டால் உயரத்தில் மஸ்டாங்குக்கு இருந்த மேல்கை போய்விடும்.

வால்காற்று:
இதில் நான் உடன்படவில்லை. ஆள் எண்ணிக்கை குறைகிற இரவுகளில் இரண்டு டி-9 இருந்தால்தான் ஜெர்மன் பக்கம் யாராவது உட்காருவார்கள்.

மேகமூட்டம்:
சரி, முதல் மிஷனுக்கு இப்படி வைக்கிறேன்: ஏ-8 ஆறு, கே-4 நான்கு, எல்லாத் தொட்டிகளிலும் பெட்ரோல். டி-9 கிடையாது. டி-9 மட்டுமே வைத்திருப்பவர்கள் இங்கே பெயர் கொடுங்கள். மூன்று பேருக்கு மேல் இருந்தால் 1944 இலையுதிர்காலத்துக்கு, பெல்ஜியத்தின் ஆர்டென் பக்கம், தனியாக ஒரு மிஷன் போடுகிறேன். அங்கே இரண்டு பக்கமும் முழு பூஸ்ட்.