ஸ்வெர்வ் மாட்யூலுக்கு இரண்டு கியர் தேவையா?

பல்சக்கரம்: மிச்சிகனில் ஒரு பள்ளியின் எஃப்.ஆர்.சி. (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) அணிக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். கோடையில் இரண்டு கியர் ஸ்வெர்வ் மாட்யூல் ஒன்றை வரையலாம் என்று பிள்ளைகள் துடிக்கிறார்கள். (ஸ்வெர்வ் புதிதானவர்களுக்கு: நான்கு சக்கரமும் தனித்தனியே திரும்பும். ஒவ்வொன்றிலும் ஓட்ட ஒரு மோட்டார், திருப்ப ஒரு மோட்டார்.) லோ கியர் 9:1 (மோட்டார் ஒன்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), ஹை 5.5:1. கிராக்கன் மோட்டார், 4 அங்குலச் சக்கரம் என்றால் சுமையில்லாத வேகம் லோவில் நொடிக்கு 3.5 மீட்டர், ஹையில் 5.8. தள்ளுமுள்ளுக்கு லோ, ஓட்டத்துக்கு ஹை. மோட்டார் மேல் தட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் காற்றழுத்தத்தால் கியர் மாற்றும் ஷிஃப்டரையும் அங்கேயே வைக்கலாம். திரும்பும் பாகத்துக்குள் காற்றுக் குழாய் போக வேண்டாம். என்ன சொல்கிறீர்கள்?

பேட்டரிவால்: அண்ணா, வேண்டாம். தள்ள லோ கியர் வேண்டும் என்பது வலு குறைந்த பழைய சிம் (CIM) மோட்டார் காலத்துப் பேச்சு. பம்பர், பேட்டரியோடு ரோபோ 70 கிலோ, உராய்வுக் குணகம் 1.1 என்று வைத்துக்கொள்வோம். 750 நியூட்டனுக்கு மேல் எதைக் கொடுத்தாலும் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். எல்லோரும் போடும் 6.75:1-இல் அதற்கு ஒரு மோட்டாரின் முறுக்குவிசை 1.4 நியூட்டன் மீட்டர் போதும், சுமார் 73 ஆம்பியர். அதுவும் மோட்டார் சுருளில். நின்ற இடத்தில் தள்ளும்போது பேட்டரியிலிருந்து போவது மோட்டாருக்கு 15 ஆம்பியர்தான். நாலுக்கும் சேர்த்து 60. மெயின் பிரேக்கர் 120.

பல்சக்கரம்: நின்று தள்ளும் கணக்கு சரி. நான் ஓடும்போது சொல்கிறேன். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அதே 750 நியூட்டன் என்றால் 1,500 வாட். அதற்கு மேல் 6.75-இல் நாலு மோட்டாரிலும் சூடாகவே 700 வாட் போகிறது. 9:1-இல் 400. அந்த 300 வாட் சும்மாவா? போன சீசனில் மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது.

பேட்டரிவால்: 750 நியூட்டனும் 70 கிலோவும் சேர்ந்தால் 2 மீட்டர் வேகம் எவ்வளவு நேரத்தில் வரும்? நொடியில் ஐந்தில் ஒரு பங்கு! அந்த நேரத்தில் மிச்சமாவது 60 ஜூல். ஒரு மேட்ச் சுமார் இரண்டரை நிமிடம். நூறு தடவை நின்று கிளம்பினாலும் 6,000 ஜூல். 12 வோல்ட் 18 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது ஏழே முக்கால் லட்சம் ஜூல். ஒரு சதவீதம்கூட இல்லை. அது சரி, ஷிஃப்டரால் எடை எவ்வளவு கூடும்?

பல்சக்கரம்: கணினி வரைபடத்தில் (கேட்) 420 கிராம்.

பேட்டரிவால்: ஒரு மாட்யூலுக்கு! நாலால் பெருக்குங்கள். கம்ப்ரஸரும் காற்றுத் தொட்டியும் தனி.

கோவை_ரோபோ: காற்று வேண்டாமே, சர்வோ போடலாம். நாங்கள் கல்லூரி ரோபோகானுக்கு ஒரு வண்டியில் டாக் கிளட்ச்சை (பல்லோடு பல் கோத்துக் கியரைப் பிடிக்கும் பாகம்) சர்வோ என்ற சின்ன மோட்டாரால் தள்ளினோம். பத்தில் எட்டுத் தடவை கியர் சரியாக விழுந்தது. மீதி இரண்டில் பல்லும் பல்லும் முட்டி ‘கர்ர்’ என்று நின்றது, சர்வோ சூடாகிச் சுருண்டது. அது நேராக ஓடும் வண்டி. ஸ்வெர்வில் நாலில் மூன்று விழுந்து ஒன்று நியூட்ரலில் மாட்டினால் ரோபோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஸ்பிரிங் வைத்துத் தள்ளினால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

கோட்காரி: நான் அணியின் புரோகிராமர் பக்கம். மாட்யூல் திரும்பும்போது ஓட்டும் மோட்டார் அசையாமல் இருந்தாலும் சுழற்சியைச் சக்கர அச்சுக்குத் திருப்பும் பெவல் கியர் உருண்டு சக்கரம் கொஞ்சம் சுற்றும் இல்லையா? அதைக் கோடில் ஒரு எண்ணால் திருத்துகிறோம். கடையில் கிடைக்கும் எம்கே4ஐ வகையில் மாட்யூல் ஒரு சுற்று திரும்ப மோட்டாரின் பங்கு 3.57 சுற்று. பல்சக்கரம் சார் சொல்வதுபோல் ஷிஃப்டர் மேல் தட்டில் இருந்தால் அந்த எண்ணே கியருக்குக் கியர் மாறும். மாறும் அந்தக் கணத்தில் எது சரி? எந்தக் கியரில் இருக்கிறது என்று சென்சார் சொல்லாவிட்டால் ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் ஆட்டோ நேரத்தில் ரோபோ தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிடும்.

பல்சக்கரம்: சார் எல்லாம் வேண்டாம்மா. ஆனால் இது எனக்குத் தோன்றவே இல்லை. சக்கர அச்சிலேயே சுற்றை அளக்கும் தனி என்கோடர் வைத்தால்?

கோட்காரி: அது திரும்பும் பாகத்தில் அல்லவா இருக்கிறது? வயர் முறுக்காமல் இருக்க ஸ்லிப் ரிங் (சுழலும் மின்இணைப்பு) போடுவீர்களா?

பேட்டரிவால்: காற்றுக் குழாயைத் தவிர்த்து ஸ்லிப் ரிங்கில் வந்து நின்றீர்கள் 🙂 ஸ்டேட்டர் லிமிட்டை (மோட்டார் சுருளின் மின்னோட்ட வரம்பு) 70, 75 ஆம்பியரில் வையுங்கள், வழுக்கலும் சூடும் பாதி அடங்கும்.

பல்சக்கரம்: லிமிட் இன்றைக்கே வைக்கிறேன். போட்டி ரோபோவில் ஷிஃப்டர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே ஒரு மாட்யூல் செய்து மேசையில் ஓட்டப்போகிறோம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு டாக் கிளட்ச்சைக் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

கோவை_ரோபோ: ஸ்பிரிங் மறக்காதீர்கள் அண்ணா. டாக் பல்லின் முகப்பை லேசாகச் சாய்த்து வெட்டச் சொல்லுங்கள். எங்கள் பழைய வரைபடத்தைத் தேடி இரவு அனுப்புகிறேன்.