வாய் 14 மி.மீ.தான் திறக்குது: கன்னப் புற்று ஆபரேஷனுக்கு மயக்கம் எப்படி?

திருமங்கலம்_மயக்கவியல்:
ஐம்பது வயதை ஒட்டிய ஆண், எடை 50 கிலோ. பல வருடம் பாக்கும் புகையிலையும் அடக்கின வாய். இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று, இரண்டு கன்னமும் வெளுத்து நார் விழுந்திருக்கு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் 14 மி.மீ.தான் இடைவெளி. கட்டியை எடுத்து, இடது கழுத்து நெறிகட்டிகளையும் எடுத்துவிட்டு, மார்புத் தசையைத் திருப்பி வைக்கிறதாகத் திட்டம். தூங்க வைத்து, தசையைத் தளர்த்தும் சக்ஸா போட்டால் வாய் இன்னும் கொஞ்சம் திறக்கும், வீடியோ லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைக் காட்டும் கேமராக் கருவி) நுழைந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா? பைபர்ஆப்டிக் ஸ்கோப்பை (வளைந்து போகும் மெல்லிய கேமராக் குழாய்) மதுரையிலிருந்து வரவழைக்க முடியும். மருந்தளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகை_வடகரை:
நம்பாதீங்க டாக்டர். பல்லில் சீழ் கட்டி, வலியில் இறுகின தாடை என்றால் தூங்கினதும் பெரும்பாலும் தளரும். இது நார். கன்னத்துக்குள் விரலை விட்டால் கயிறு மாதிரி தட்டுப்படுமே, அதை எந்த ரிலாக்ஸன்ட்டும் தளர்த்தாது. விழித்திருக்கும்போது 14 என்றால் தூங்கின பிறகும் 14தான். மூச்சும் நின்று மாஸ்க்கும் சரியாகப் பிடிக்காமல் போனால், எல்எம்ஏ (தொண்டைக்குள் உட்காரும் சின்ன மாஸ்க்) நுழைக்கக்கூட அங்கே இடம் இல்லை. கழுத்தைக் கீறுவது ஒன்றுதான் மிச்சம்.

ஆள் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக பைபர்ஆப்டிக். கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி. இருபது நிமிடம் முன்னாடியே கொடுத்துவிடுங்க. எச்சில் ஊறிக் கிடந்தால் மரக்க வைக்கும் லிக்னோகெய்ன் சவ்வில் ஒட்டாது, எவ்வளவு தெளித்தாலும் இருமிக்கொண்டே இருப்பார். இரண்டு நாசியிலும் சைலோமெட்டசோலின் 0.1% சொட்டு. ஒவ்வொன்றாக மூடி மூச்சு விடச் சொல்லி, எது தாராளமோ அதில் போடுங்க. இரண்டும் ஒன்று என்றால் வலது, சர்ஜன் இடது பக்கம் வேலை செய்யப் போகிறார்.

அடுத்து மரக்க வைப்பது. 4% லிக்னோகெய்ன் 3 மி.லி. நெபுலைசரில் (120 மி.கி.). நாசியில் 2% ஜெல்லி 5 மி.லி. (100). கிரைக்கோதைராய்டு சவ்வு (கழுத்தில் குரல்வளையின் முன்பக்கச் சவ்வு) வழியாக 22 கேஜ் கேனுலா, காற்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு 4% மருந்து 2 மி.லி. (80). இருமல் வரும், அந்த இருமல்தான் மருந்தை மேலும் கீழும் பரப்பும். அந்த இடத்தில் நெறிகட்டி இருந்தால் ஊசி வேண்டாம். மிச்சத்துக்கு ஸ்கோப் வழியாகவே 2% ஒவ்வொரு மி.லி.யாக, மொத்தம் 4 (80). கூட்டினால் 380 மி.கி. பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் 2020 வழிகாட்டுதலில் உச்சவரம்பு கொழுப்பு நீங்கின எடைக்கு கிலோவுக்கு 9 மி.கி. இவர் 50 கிலோ ஒல்லியான ஆள் என்றாலும் கொழுப்பு நீங்கின எடை சுமார் 43 கிலோதான் இருக்கும், அப்படியென்றால் 387. நெபுலைசரில் பாதி காற்றில் போகும் என்றாலும் முழுசாகவே கணக்கில் வையுங்க.

லேசாக அசத்த டெக்ஸ்மெடிடோமிடின் 50 மைக்ரோகிராம், பத்து நிமிடம் எடுத்து மெதுவாக. மற்ற நாசியில் ஆக்ஸிஜன். 6.5 அளவு மூச்சு டியூபின் நுனியை வெதுவெதுப்பான சலைனில் போட்டு இளக்கி எடுங்க. மூக்கின் தரையை ஒட்டி நேர் பின்னால் தள்ளணும், மேல்நோக்கி இல்லை. ரத்தம் வந்துவிட்டால் ஸ்கோப்பில் எல்லாம் சிவப்புதான், அப்புறம் ஒன்றும் தெரியாது. குரல்வளையில் டியூப் முட்டி நின்றால் கொஞ்சம் பின்னிழுத்து, இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்பித் தள்ளுங்க. கேப்னோகிராஃபில் (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் திரை) அலை வந்த பிறகுதான் தூங்க வைக்கும் புரொபோஃபால்.

மேலூர்_முகத்தாடை:
சர்ஜன் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். சார் சொன்ன 380 மி.கி. லிக்னோகெய்ன் ஏற்கெனவே உடம்பில் இருக்கு. அதற்குமேல் நாங்கள் பழக்க தோஷத்தில் 2% லிக்னோகெய்ன்-அட்ரினலின் 10 மி.லி. குத்தினால் இன்னொரு 200 ஏறும். ஆள் மயக்கத்தில் இருப்பதால், மருந்து அளவு மீறி வலிப்பு வந்தாலும் வெளியே தெரியாது, நேராக இதயத்தில்தான் காட்டும். வெட்டுகிற இடத்தில் ரத்தம் குறையணும், அவ்வளவுதானே? 200 மி.லி. சலைனில் 1 மி.கி. அட்ரினலின் கலந்தால் 1:2,00,000. அதை மட்டும் போடச் சொல்லுங்க. கத்தி வைக்கும் முன்னாடியே இந்தப் பேச்சு முடிந்திருக்கணும்.

தொண்டையில் அடைக்கும் துணியை ஆரம்பத்தில் இந்த வாயில் வைக்கவே முடியாது. நாரை அறுத்துத் திறந்த பிறகு சர்ஜன் வைப்பார். நனைத்த ரிப்பன் காஸ், வால் வெளியே தொங்கணும், போர்டில் எழுதணும், நர்ஸின் எண்ணிக்கையில் சேரணும். உள்ளேயே மறந்துவிட்ட துணி டியூப் எடுத்ததும் மூச்சை அடைக்கும்.

இதே மாதிரி வாய் திறக்காதவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் மட்டும் எடுக்கணும் என்றால் பொது மயக்கம் தேவையில்லை. அகினோசி பிளாக் (கீழ்த்தாடை நரம்பை மரக்க வைக்கும் ஊசி) போதும். வாய் மூடியபடியே, மேல் கடைவாய்ப் பல்லின் ஈறும் கன்னச் சவ்வும் சேரும் கோட்டு உயரத்தில், நீள ஊசியைப் பல்வரிசைக்கு இணையாக 25 மி.மீ. செலுத்தி, இழுத்துப் பார்த்துவிட்டு 1.8 மி.லி.

திருமங்கலம்_மயக்கவியல்:
ரொம்ப நன்றி. அட்ரினலின் சலைன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. டியூபை எப்போது எடுப்பது? ஸ்கோப் வராவிட்டால்?

வைகை_வடகரை:
அன்றைக்கே எடுக்காதீங்க. மார்புத் தசை தடிமன், நாக்கும் வீங்கும், வலது கன்னத்து நார் அப்படியே இருந்தால் திரும்ப டியூப் போடுவது முதல் தடவையைவிடக் கஷ்டம். வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி., ராத்திரி முழுக்க ஐசியூ. காலையில் மென்அண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரத்தக்கட்டியை உறிஞ்சணும், சக்‌ஷன் குழாய் தையல் பக்கம் போகாமல். கஃப்பைத் (டியூபைச் சுற்றி ஊதியிருக்கும் பலூன்) தளர்த்திக் காற்று கசிகிறதா பாருங்க. கசிந்தால், எக்ஸ்சேஞ்ச் கதீட்டரை (திரும்ப டியூப் போட வழிகாட்டும் மெல்லிய குழாய்) உள்ளே விட்டுவிட்டு டியூபை எடுங்க. கசியாவிட்டால் இன்னொரு நாள் இருக்கட்டும். கீழ்த்தாடையின் முன்பகுதியையும் எடுக்கிறார்கள் அல்லது இரண்டு பக்கக் கழுத்தும் என்றால் ஆரம்பத்திலேயே டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் டியூப் வைப்பது).

ஸ்கோப் வராவிட்டால் குருட்டுத்தனமாக மூக்கு வழியே தள்ளிப் பார்க்க வேண்டாம். கழுத்தில் மருந்து போட்டு, விழித்திருக்கும்போதே டிரக்கியாஸ்டமி. அதற்கும் ஆள் இல்லையென்றால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்க. ஸ்கோப் வருகிறதென்றால் முந்தின நாள் சாயங்காலமே லைட்டும் சக்‌ஷனும் வேலை செய்கிறதா, 6.5 டியூப் அதன்மேல் வழுக்கி இறங்குகிறதா என்று கையில் எடுத்துப் பார்த்துவிடுங்க.