ஸ்குவாட் 140 ஆகிவிட்டது, தாண்டல் மட்டும் நகரவில்லை: இன்னும் பளு ஏற்றலாமா?

மணல்குழி:
நான் நீளம் தாண்டுபவன், வயது 22. மூன்று வருடக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வருடம் ஸ்குவாட் (தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுவது) 70 கிலோவிலிருந்து 100க்கு வந்தது. தாண்டல் 6.50 மீட்டரிலிருந்து 6.82க்குப் போனது. எனக்கு ஸ்குவாட் மேல் பக்தியே வந்துவிட்டது. அடுத்த இரண்டு வருடத்தில் 100ஐ 140 ஆக்கினேன். தாண்டல் 6.85. முதல் 30 கிலோவுக்கு 32 சென்டிமீட்டர் கிடைத்தது, அடுத்த 40 கிலோவுக்கு வெறும் 3. உடல் எடை 68இலிருந்து 72 ஆகிவிட்டது. பயிற்சியாளர் "160 வரட்டும், தானாகத் தாண்டுவாய்" என்கிறார். போகவா, வேண்டாமா?

இரும்புக்கை:
போ தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பவர் என்பது விசை பெருக்கல் வேகம். விசை கூடினால் பெருக்குத்தொகை கூடும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 2004இல் நார்வேயின் முதல்தரக் கால்பந்து வீரர்கள் 17 பேரை அளந்தார்கள். அரை ஸ்குவாட்டில் அதிகம் தூக்கியவர்கள்தான் 10 மீட்டரை வேகமாக ஓடினார்கள், உயரமாகவும் குதித்தார்கள். உடல் எடையைப் போல் இரண்டு மடங்கு ஸ்குவாட் என்பது பல பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல். நீ அதையே இன்னும் தொடவில்லை, 1.94தான் வருகிறது.

கங்காரு:
அண்ணா, சட்டியைப் பற்றிச் சொன்னீர்கள், அகப்பை எத்தனை பெரிது என்று பார்த்தீர்களா? தாண்டக் கிளம்பும் பலகை மேல் அவர் கால் இருப்பது ஏறக்குறைய 0.12 நொடி. தசை தன் முழு விசையையும் எட்ட 0.3 நொடியாவது வேண்டும். சட்டியை அண்டா ஆக்கினாலும் மொள்ளுவது அதே அகப்பையால்தான். அவருக்கு வேண்டியது விசை எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது. 1985இல் பின்லாந்தின் ஹாக்கினெனும் கோமியும் இதைத்தான் பார்த்தார்கள். கனமான பளு தூக்கிய குழுவுக்கு உச்ச விசை நன்றாக ஏறியது, விசை ஏறும் வேகம் அவ்வளவாக மாறவில்லை. குதித்துப் பயிற்சி செய்த குழுவுக்கு நேர்மாறு.

அப்புறம் அந்த 17 பேர். மழை வரும்போது தவளை கத்துகிறது. தவளையைக் கத்த வைத்தால் மழை வருமா?

இரும்புக்கை:
ஆய்வு காட்டினால் நானும் காட்டுவேன். 2010இல் கோர்மி குழு, பெரிய வலிமை இல்லாத ஆண்களை 10 வாரம் பயிற்றுவித்தது. ஒரு சாராருக்குக் கனமான ஸ்குவாட், இன்னொரு சாராருக்கு ஜம்ப் ஸ்குவாட். இரண்டு சாராரின் குதிப்பும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியது. கனமான பளு குதிப்பைக் கொடுக்காது என்றால் இது எப்படி நடந்தது?

கங்காரு:
"பெரிய வலிமை இல்லாத" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மணல்குழியின் முதல் வருடம் அதுதான். அவர் கேட்பது மூன்றாவது வருடத்தைப் பற்றி.

நியூட்டனின்_பேரன்:
இருவரும் தவறான அளவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். பள்ளிப் புத்தகத்தில் பவருக்குத் 'திறன்' என்று பெயர். பேச்சில் திறன் என்றால் கைத்தேர்ச்சி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் நானும் பவர் என்றே எழுதுகிறேன். பெயர்க் குழப்பத்துக்கு பவர்லிஃப்டிங்கே சாட்சி. அதில் ஒரு பிரிவு டெட்லிஃப்ட், தரையில் இருக்கும் பளுவை இடுப்பளவுக்குத் தூக்கி நிற்பது. 300 கிலோ டெட்லிஃப்ட்டை 0.6 மீட்டர் உயர்த்த 3 நொடி ஆனால், சராசரி பவர் சுமார் 590 வாட். அதில் பாதிப் பளுவை, 150 கிலோவை, கிளீன் செய்பவர் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுபவர்) 0.8 மீட்டரை 0.8 நொடியில் முடித்தால் சுமார் 1,470 வாட். பவர் என்ற பெயர் இருக்கும் விளையாட்டில்தான் பவர் குறைவு.

சரி, தாண்டலுக்கு வருவோம். உடலை மேலே அனுப்புவது கணத்தாக்கு, அதாவது விசை பெருக்கல் நேரம். நல்ல தாண்டலில் பலகையை விட்டுக் கிளம்பும்போது மேல்நோக்கிய வேகம் நொடிக்கு 3.3 மீட்டர் என்று வையுங்கள். அதை 0.12 நொடியில் பெற வேண்டும். 72 கிலோ உடலுக்குத் தரை தர வேண்டிய சராசரி விசை, எடையையும் சேர்த்து, சுமார் 2,690 நியூட்டன். 68 கிலோவாக இருந்தபோது 2,540 போதும். கூடிய 4 கிலோ மட்டுமே 150 நியூட்டன் கடன் வைத்திருக்கிறது. ஸ்குவாட் சம்பாதித்ததில் ஒரு பங்கை உடம்பே சாப்பிட்டுவிட்டது.

இரும்புக்கை:
2,690 நியூட்டன், அதுவும் ஒற்றைக் காலில்! இதைத்தானே நான் கத்திக்கொண்டிருக்கிறேன்? வலிமை இல்லாமல் அதை எது தாங்கும்?

கங்காரு:
அதே கணக்கை ஸ்குவாட்டுக்கும் போடுங்கள் அண்ணா. 140 கிலோ பளுவும் 72 கிலோ ஆளும் சேர்ந்து சுமார் 2,080 நியூட்டன், இரண்டு காலுக்கு. ஒரு காலுக்கு 1,040. பலகையில் அவர் ஒற்றைக் கால் ஏற்கெனவே அதைப்போல் இரண்டரை மடங்கைத் தாங்குகிறது, ஒவ்வொரு தாண்டலிலும்.

எப்படித் தாங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பலகையை மிதிக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கிறது. அங்கிருந்து கொஞ்சம்தான் மடங்கும். தசை சுருங்கித் தள்ளுவதற்கு முன்னால், இழுபட்டபடியே எதிர்த்து நிற்கிறது. இழுபடும் தசை, சுருங்கும் தசையைவிட அதிக விசையைத் தாங்கும். தசைநாணும் வில்லைப் போல் இழுபட்டுத் திரும்பக் கொடுக்கிறது. இதில் எதையும் தொடை தரைக்கு இணையாக இறங்கி, மெதுவாக எழும் ஸ்குவாட் அப்படியே கற்றுத்தராது. 160க்குப் போனால் ஒரு காலுக்கு 100 நியூட்டன் கூடும், அதுவும் பலகையில் வராத கோணத்தில், வராத வேகத்தில்.

ஸ்பைக்ஸ்_அக்கா:
நான் 100 மீட்டர் ஓடியவள், இப்போது ஓய்வு. என் முதல் பயிற்சியாளர் கங்காரு கட்சி. பளு தொட்டால் கால் மந்தமாகிவிடும் என்பார், நானும் நம்பினேன். முதல் 10 மீட்டரிலேயே எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். அடுத்து வந்தவர் பளு தூக்க வைத்தார். தொடக்கம் சரியானது, ஆனால் உச்ச வேகம் அப்படியேதான் இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. கிளம்பும் முதல் அடிகளில் கால் தரையில் 0.2 நொடி அளவுக்கு இருக்கிறது. உச்ச வேகத்தில் அது 0.1க்கும் கீழே. ஒரே ஓட்டத்துக்குள் இரண்டு அகப்பை. எறிபவர்களிலும் இப்படித்தான்: 7.26 கிலோ குண்டு எறிபவருக்கும் 800 கிராம் ஈட்டி எறிபவருக்கும் ஒரே பளுத் திட்டம் போட்டால் ஒருவர் கெட்டுப்போவார்.

இருவருமே அவரிடம் கேட்காததை நான் கேட்கிறேன். மணல்குழி, செட்டின் கடைசி ரெப் (ஒரு முறை இறங்கி எழுவது ஒரு ரெப்) எழுந்து முடிக்க எத்தனை நொடி ஆகிறது? முழு ஓட்டத்தோடு வாரத்துக்கு எத்தனை முறை தாண்டுகிறாய்?

மணல்குழி:
அக்கா, 5 செட், ஒவ்வொன்றும் இனி எழவே முடியாது என்ற நிலை வரைக்கும். கடைசி ரெப் எழ 4 நொடிகூட ஆகும், வீடியோ இருக்கிறது. முழு ஓட்டத் தாண்டல் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள்தான். கால் எப்போதும் கனமாகவே இருக்கும். முதல் வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் தாண்டினேன்.

ஸ்பைக்ஸ்_அக்கா:
அப்படிச் சொல்லு. 32 சென்டிமீட்டரை முழுக்க ஸ்குவாட் கணக்கில் எழுதியிருக்கிறாய், அந்த வருடம் தாண்டியதை எழுதவே இல்லை.

ஸ்பெயினில் பரேஹா-பிளாங்கோ குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு உனக்காகவே செய்தது போல் இருக்கும். 8 வாரம் ஸ்குவாட். ஒரு குழு, பளு எழும் வேகம் 20 சதவீதம் குறைந்ததும் செட்டை நிறுத்தியது. இன்னொன்று 40 சதவீதம் குறையும் வரை இழுத்தது. வலிமை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியது. குதிப்பில் சீக்கிரம் நிறுத்தியவர்கள் முந்தினார்கள். இழுத்தவர்களுக்குச் சதை அதிகம் போட்டது. உன் 4 கிலோ வந்த வழி இதுவாகவும் இருக்கலாம்.

கங்காரு:
ஆக, பளு வேண்டாம் என்று முடிக்கலாமா?

இரும்புக்கை:
அக்கா சொன்னதை உன் வசதிக்கு வளைக்காதே. அவர் தொடக்கத்தைச் சரிசெய்ததே பளுதான். தூக்கிய விதம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். 4 நொடி ரெப் எனக்கே பிடிக்காது. ஆனால் பளுவை அடியோடு விட்டால் ஓரிரு மாதத்தில் வலிமை இறங்கத் தொடங்கும். பிறகு எந்த அகப்பையை வைத்து எதை மொள்ளுவாய்? வாரத்துக்கு ஒரு நாள் கனமாகத் தூக்கு தம்பி, எழும்போது முழு மூச்சோடு வேகமாக எழு. 160 ஓடிப் போகாது, அடுத்த வருடம் பார்க்கலாம்.

கங்காரு:
அடுத்த வருடமும் வேண்டாம் என்பேன். வாரம் ஒரு நாளுக்கு மட்டும் ஆட்சேபம் இல்லை.

மணல்குழி:
சரி, 8 வாரம் இப்படிச் செய்யப் போகிறேன். ஸ்குவாட் ஒரு நாள், 115 கிலோ, செட்டுக்கு மூன்று ரெப், வேகம் இறங்கினால் நிறுத்திவிடுவேன். தாண்டல் இரண்டு நாள், கால் ஓய்வாக இருக்கும்போது. பயிற்சியாளரிடம் வீடியோவைக் காட்டிப் பேசிவிட்டேன், முகம் சுளித்தார், ஒத்துக்கொண்டார். எடை 70க்கு இறங்கினால் நியூட்டனின்_பேரனுக்கு 75 நியூட்டன் கடனைத் திருப்பிவிடுவேன்.

நியூட்டனின்_பேரன்:
வட்டி கேட்கமாட்டேன். ஓடிவரும் வேகத்தையும் அளந்து வை. பலகைக்கு முந்தைய 5 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறாய் என்பது போதும். அது இல்லாமல் 8 வாரம் கழித்து மறுபடி இதே சண்டை வரும்.

இரும்புக்கை:
ஸ்குவாட்டின் உச்சம் 130க்குக் கீழே போனால் அதையும் மறைக்காமல் இங்கே வந்து சொல்.