சின்ன மேசையில் கைமுதல் சேர்த்தவர்கள் எழுதுங்கள்

நள்ளிரவு மேசை:

நேரடி போக்கரில், அதுவும் மிகச் சிறிய பிளைண்டு (ஒவ்வொரு கைக்கும் முன்னால் இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பணம்) மேசைகளில் மட்டும் ஆடி பாங்க்ரோல் (ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய கைமுதல்) வளர்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். போட்டியில் பெரிய பரிசு அடித்த கதை வேண்டாம்; அது லாட்டரிக்குப் பக்கத்து வீடு. 100 பிக் பிளைண்டோடு (இரண்டு பிளைண்டில் பெரியது) உட்கார்ந்து, ஐந்தும் பத்துமாகச் சேர்த்தவர்களின் அனுபவம்தான் வேண்டும். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு முதலில் உறைத்தது மேசையின் வேகம். மணிக்கு 30 கை பகிர்ந்தாலே அதிகம். இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். அதாவது ஏழு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தால் ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டால் மிஞ்சுவது பிளைண்டு மட்டும்தான். ஆனால் எங்கள் மேசையில் யாரும் போட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஐந்து பேர் லிம்ப் செய்துவிட்டு, அதாவது பிக் பிளைண்டு அளவு மட்டும் வைத்துவிட்டு, உட்கார்ந்திருப்பார்கள். பந்தயத்தை நான்கு பிளைண்டுக்கு உயர்த்தி ரெய்ஸ் செய்தால், "இன்னும் மூன்றுதானே" என்று ஐந்து பேரும் கூடவே வருவார்கள். ஒருவரை எதிர்த்து இரண்டு ஏஸ் 85 சதவீதம் ஜெயிக்கும்; ஐந்து பேர் கையில் கிடைத்ததோடு ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை வந்தால் அது 49 ஆகிவிடும். அதனால் இப்போதெல்லாம் பத்து, பன்னிரண்டு பிளைண்டு என்று கூசாமல் ரெய்ஸ் செய்கிறேன். அதற்கும் இரண்டு பேர் வருகிறார்கள். அங்கிருந்துதான் என் கைமுதல் வளரத் தொடங்கியது.

கணக்குப்பிள்ளை:

49 சதவீதத்தை ஏதோ துக்கச் செய்திபோலச் சொல்கிறீர்கள், நண்பரே. ஆறு பேர் சமமாகப் போட்ட பாட்டில் (பாட் என்பது நடுவில் சேரும் பந்தயப் பணம்) உங்கள் பணம் ஆறில் ஒரு பங்குதான். பாதிக்குப் பாதி அந்தப் பாட்டை நீங்கள் அள்ளினால் அது கொள்ளை லாபம். ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுக்கு) பிறகு ஐந்து பேர் நடுவில் ஆடுவது கடினம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி அங்கே கெடுவது லாபமல்ல, தூக்கம்.

தூக்கம் கெடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 5 பிக் பிளைண்டு சேர்ப்பவரை நல்ல ஆட்டக்காரர் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு மணி நேரத்து ஏற்ற இறக்கம், புள்ளியியல் சொல்லும் திட்ட விலக்கம், ஏறக்குறைய 50 பிக் பிளைண்டு. 100 மணி நேரம் ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500, விலக்கமும் 500. அதாவது இவ்வளவு நன்றாக ஆடுகிறவர்களிலேயே சுமார் ஆறில் ஒருவர் 100 மணி நேரம் கழித்தும் நஷ்டத்தில் இருப்பார். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: சுமாராக ஆடுகிறவர் ஒருவர் அதே 100 மணி நேரத்தில் லாபம் பார்த்துவிட்டு மேசைக்கே பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். அவரை எல்லோரும் சந்தித்திருப்பீர்கள்.

ஆகவே கைமுதலாக 20 பை-இன் (ஒரு தடவை மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை, இங்கே 100 பிக் பிளைண்டு) என்பது குறைந்தபட்சம். சம்பளம் என்று வேறு வருமானம் இல்லாதவருக்கு 40கூடக் குறைவுதான், ஏனென்றால் அவர் ஒவ்வொரு மாதமும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட வேண்டும்.

ஏழாம் நாற்காலி:

எனக்குப் பணம் சேர்ந்தது ஜெயித்த கைகளால் அல்ல, ஆடாமல் கீழே போட்ட கைகளால்.

ஒரு பெரியவர். எப்போதும் லிம்ப், எப்போதும் கால் (அடுத்தவர் வைத்த பந்தயத்துக்கு ஈடாக மட்டும் வைப்பது). ரெய்ஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை. பேசும்போதெல்லாம் இரண்டு சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்) அடுக்குகளை விரல்களால் ஒன்றாக்கிப் பிரித்துக்கொண்டே இருப்பார். அந்தக் கிளிக் சத்தம் நிற்காது. அன்று என்னிடம் ஏஸ், ராஜா. ஃப்ளாப்பில் ஏஸ், 9, 4. மூன்றும் மூன்று ஜாதி. நான் பந்தயம் வைத்தேன், கால் செய்தார். டர்னில் (நான்காம் பொதுச் சீட்டில்) 2. மறுபடி வைத்தேன், மறுபடி கால். ரிவரில் இன்னொரு 9. பாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்தேன்.

கிளிக் சத்தம் நின்றது. மிச்சமிருந்த எல்லாவற்றையும் இரண்டு கையாலும் முன்னே தள்ளினார். தள்ளும்போது மேலே இருந்த சிப் ஒன்று நழுவி டீலர் வரை உருண்டு போனது. கை நடுங்கியது.

கை நடுங்கினால் பொய் சொல்கிறார் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. பெரிய கை பிடித்துவிட்ட பரபரப்பு அடங்கும்போதுதான் விரல் ஆடும். பொய் சொல்கிறவர் சிலையாகிவிடுவார். நான் ஏஸ், ராஜாவைக் கீழே போட்டேன். "நல்ல கை வைத்திருந்தாயா தம்பி?" என்று கேட்டுவிட்டு, பாவம் பார்த்து ஒரே ஒரு சீட்டைத் திருப்பினார்: ஆட்டின் (ஹார்ட்ஸ்) 9.

கால் செய்திருந்தால் ஏறக்குறைய 60 பிக் பிளைண்டு போயிருக்கும். கணக்குப்பிள்ளை சொன்ன வேகத்தில் அது பன்னிரண்டு மணி நேரக் கூலி. இந்த மேசைகளில் ரிவரில் வரும் ரெய்ஸ், அதுவும் சாதுவான ஆட்டக்காரரிடமிருந்து வருவது, கிட்டத்தட்ட எப்போதும் உண்மைதான். பிளஃப் என்று நிரூபித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் மற்றவர்களின் பாங்க்ரோலை வளர்க்கிறார்கள்.

வாடகை கட்டுபவன்:

யாரும் ரேக் (ஆட்டம் நடத்தும் இடம் எடுத்துக்கொள்ளும் பங்கு) பற்றிப் பேசவில்லையே. பாட்டில் 10 சதவீதம், ஓர் உச்ச வரம்பு வரை. அதற்கு மேல் ஜாக்பாட்டுக்கென்று ஒரு சிப். ஜெயித்தால் டீலருக்கு ஒரு சிப். டீலர் மேசைத் துவாரத்துக்குள் தள்ளுவதை ஒரு மணி நேரம் எண்ணிப் பாருங்கள். சின்னப் பாட்களில் ஜெயிப்பவருக்குத்தான் அடி அதிகம். பெரும்பாலான இடங்களில் ஃப்ளாப் வராமல் முடியும் கைக்கு ரேக் இல்லை. அதனால் இரண்டு பேர் லிம்ப் செய்த இடத்தில் பெரிதாக ரெய்ஸ் போட்டு அங்கேயே முடித்துவிட்டால் அந்தச் சில்லறை முழுதாக உங்களுடையது.

அடுத்த அளவு மேசையில் உச்ச வரம்பு பல இடங்களில் அதேதான் அல்லது கொஞ்சம்தான் கூடும். பிளைண்டு இரட்டிப்பாகும்போது ரேக்கின் கனம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கீழ் மேசையிலேயே தவம் கிடப்பது பொறுமை அல்ல.

கடன் கொடாதவர்:

ஆட்டத்தில் கெட்டவர்களைவிடக் கைமாற்றில் கெட்டவர்கள் அதிகம். என் பக்கத்து நாற்காலிக்காரர் அருமையான ஆட்டக்காரர், எல்லோருக்கும் நண்பர். ஆல்-இன் போய் (இருந்ததெல்லாம் வைத்து) தோற்றவர் "அரை பை-இன் கொடுங்கள், நாளைக்குத் தருகிறேன்" என்று திரும்பினால் மறுக்க மாட்டார். ஒரு கட்டத்தில் அவருடைய பாங்க்ரோலில் பாதி மற்றவர்கள் சட்டைப்பையில் இருந்தது. கடன் வாங்கியவர்களில் இரண்டு பேர் அந்தக் கூச்சத்திலேயே வேறு இடத்துக்கு ஆடப் போய்விட்டார்கள். இருவரும் மேசையிலேயே தாராளமாகத் தோற்கிறவர்கள். பணமும் போயிற்று, வாடிக்கையும் போயிற்று.

நான் ஆட்டப் பணத்தை வீட்டுப் பணத்தோடு சேர்ப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பை-இன்னுக்கு மேல் கையில் கொண்டு போவதுமில்லை. கேட்டால், "இல்லை" என்று உண்மையாகவே சொல்ல முடிகிறது.

நள்ளிரவு மேசை:

கணக்குப்பிள்ளைக்குப் பதில்: சரி, தூக்கம்தான். வாடகை கட்டுபவன் சொன்ன மேல் மேசைக்கு எப்போது போவது என்பதுதான் என் அடுத்த கேள்வி.

கணக்குப்பிள்ளை:

2000-ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் ஃபெர்குசன், 2006-ல் இணையத்தில் காசே போடாமல் தொடங்கி 10,000 டாலர் வரை சேர்க்க முயன்றார், சேர்த்தும் காட்டினார். அவர் வைத்துக்கொண்ட விதி: மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசையில் கொண்டு உட்காரக் கூடாது, மேசையில் இருப்பது 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். நேரடி மேசைக்கு இரண்டாவது விதிதான் முக்கியம். எழுந்திருக்காமல் சிப்ஸைப் பையில் போட எங்கும் விடமாட்டார்கள். 300 பிக் பிளைண்டு சேர்ந்து, எதிரே அதே உயரத்தில் ஒரு கெட்டிக்காரரும் அடுக்கி வைத்திருந்தால், ஒரே கையில் ஒரு மாத உழைப்பு போகும்.

என் வழக்கம்: மேல் மேசைக்கு 20 பை-இன் சேர்ந்ததும் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறிப் பார்ப்பேன். மூன்றும் போனால் மறுபேச்சில்லாமல் கீழே.

ஏழாம் நாற்காலி:

மூன்று அதிகம். நான் ஒன்றோடுதான் ஏறுவேன். அதுவும் சனிக்கிழமை இரவு மட்டும், என்னைவிட மோசமாக ஆடுகிற மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தால் மட்டும், அவர்களில் ஒருவருக்கு இடப்பக்க நாற்காலி காலியாக இருந்தால் மட்டும்.