புதுப்பிப்பு: தாய்லாந்து சிக்கன் சாத்தே (குச்சியில் கோத்துச் சுடும் கோழிக்கறி) வெளியே கருகி, உள்ளே வேகாத பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கரி அடுப்பில் குச்சிக்கறி வெளியே கருகுகிறது, நடுக்கறி பச்சையாக நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பலன் தந்தது, "ஊறலில் சர்க்கரையைக் குறை, கறியை மெல்லிசாக வெட்டு" என்ற பதில்தான்.

இப்போதைய அளவு: எலும்பில்லாத தொடைக்கறி 500 கிராம், அரை செ.மீ. கனத்தில் நீள நாடாக்களாக. வறுத்துப் பொடித்த மல்லி 1 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, எலுமிச்சைப் புல்லின் வெள்ளை அடித்தண்டு 2, பேரரத்தை ஒரு விரற்கடை, மீன் சாஸ் 1 மேசைக்கரண்டி, பனை வெல்லம் 2 தேக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மி.லி. புல்லை நார் தெரியாமல் அரைக்கணும். திப்பி நின்றால் அதுதான் முதலில் கருகும். எல்லாவற்றையும் கறியில் கலந்து ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் ஊறினால் போதும்.

குச்சியில் கறியை அலையாகக் கோத்து, தட்டையாக நீவிவிட்டால் எல்லா இடமும் ஒரே சீராக வேகும். தணல் சாம்பல் பூத்த பிறகே வைக்கவும். திருப்பும்போதெல்லாம் உப்புப் போட்ட தேங்காய்ப்பாலைத் தடவினால் கறி வறளாது.

எதிர்பாராதது இரண்டு. பாலை அதிகம் தடவினால் எண்ணெய் சொட்டித் தீ எழும்புகிறது. தூரிகையை வழித்துவிட்டுத் தடவுங்கள். கறி மிருதுவாக ஊறலில் அன்னாசிச் சாறு சேர்க்கச் சொன்ன யோசனை இதற்கு ஒத்துவரவில்லை. அதிலுள்ள நொதி மெல்லிய கறியைச் சீக்கிரமே கூழாக்கிவிடுகிறது, குச்சியில் நிற்காது. பெரிய துண்டுகளுக்கு வேண்டுமானால் அரை மணி நேரம் பார்க்கலாம்.